கம்பம் பள்ளத்தாக்கின் பாடக் கருவிகள்

தேனி, போடி, உத்தமபாளையம் வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய பட்டதாரிகள் பலர் தங்கள் படிப்பை ஒரே சொல்லில் சொல்வார்கள்: ‘கரஸ்’. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கிய தபால்வழிக் கல்வியின் ஆங்கிலப் பெயர் மக்கள் வாயில் தேய்ந்து அந்தச் சொல் ஆனது. ஆன்லைன் பாடம் ஒன்றை உருவாக்க எந்த மென்பொருளை எடுப்பது என்று இன்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு. தபால், வானொலி, ஊர்க் கணினி, பட்டன் போன், இணையதளம் என்று கருவி மாறிக்கொண்டே வந்தது. எது நிலைத்தது, எது போனது என்பதைப் பார்த்தால், தேர்வு சரியாக அமைந்த இடங்கள் மிகச் சிலவே என்று தெரியும்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வடக்கே தேனியை நோக்கி இறங்கும் நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கிய பிறகு நெல்லும் வாழையும் பிற்பாடு திராட்சையும் இங்கே செழித்தன. விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மெட்டும் கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறும். இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் திரும்பும். கல்லூரிகளும் வந்தன. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-இலும், பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971-இலும், போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி 1972-இலும் எழுந்தன. ஆனால் ஜீப்பில் போகிறவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் கடையில் நிற்பவருக்கும் கல்லூரி நேரம் ஒத்துவராது. அவர்களுக்குப் பாடம் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இந்தியாவில் தபால்வழிப் பட்டப்படிப்பை 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்தது. 1966-இல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம், டெல்லிக்கு ஒன்பதே ஆண்டு பின்னால் அதே வழிக்கு வந்தது. தேனி தனி மாவட்டமானது 1996-இல்தான். அதுவரை இது மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் சேர்ந்துகொண்டன. பாடங்கள் அச்சாகிக் கட்டாக வீட்டுக்கு வரும். விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்புக்கும் பிறகு தேர்வுக்கும் போக வேண்டும். அதற்குப் போக அப்போது மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவோடு நின்ற அந்த ரயில், தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும்தான் திரும்பி வந்தது.

கருவி என்ற முறையில் தபாலுக்கு இருந்த குணங்களை இன்றைய மென்பொருள்களில் பலவற்றிடம் காண முடியாது. படிப்பவர் எந்தச் சாதனமும் வாங்க வேண்டியதில்லை. பாடம் அவருக்காகக் காத்திருக்கும். இரவு பத்து மணிக்கு எடுத்தாலும் ஒன்றும் சொல்லாது. ஐம்பது ஆண்டு கழித்துப் பரணில் இருந்து எடுத்தாலும் எழுத்து அப்படியே இருக்கும். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: திருப்பிக் கேட்க வழியில்லை. ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்பிப் பதில் வருவதற்குள் படிப்பவர் அடுத்த பாடத்தையும் தாண்டியிருப்பார், அல்லது படிப்பையே விட்டிருப்பார்.

வானொலி இந்தக் குறையைப் பாதி தீர்த்தது. அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் உழவர்களுக்கு நடத்திய நிகழ்ச்சிகளின் வலிமைக்கு ஒரு சான்று போதும். 1960-களின் கடைசியில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு உழவர்கள் வைத்த பெயரே ‘ரேடியோ நெல்’. பின்னர் வந்த பண்ணைப் பள்ளி முறையில் உழவர்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். பாடங்கள் வரிசையாக ஒலிபரப்பாயின. கேள்விகளுக்கு அஞ்சலில் விடை அனுப்பினார்கள். பதிவு, தொடர் பாடம், வினா, மதிப்பீடு என்று இன்றைய ஆன்லைன் பாடத்தின் எலும்புக்கூடு அப்போதே இருந்தது. 1987-இல் மதுரை நிலையமும் அதன் பிறகு கொடைக்கானல் பண்பலையும் வந்தபின் பள்ளத்தாக்கு முழுவதும் நல்ல ஒலியில் கேட்டது. எழுத்தறியாதவருக்கும் பாடம் சேர்ந்தது. ஆனால் ஒலிபரப்பு ஒருமுறைதான். அந்த நேரத்தில் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவருக்கு அன்றைய பாடம் இல்லை.

கணினியில் பாடம் நடத்தும் முயற்சி உலகில் 1960-இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் உருவாக்கிய பிளேட்டோ அதன் முன்னோடி. பாடம் செய்ய நிரலாளர் வேண்டியதில்லை, ஆசிரியரே படங்களையும் வினாக்களையும் வரிசைப்படுத்தலாம் என்ற நிலையை 1987-இல் வந்த ஆத்தர்வேர் ஏற்படுத்தியது. 1990-களின் நடுவில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரே கோல்ட்பெர்க் உருவாக்கிய வெப்சிடியும், 1997-இல் தொடங்கிய பிளாக்போர்டும் வகுப்பறையை உலாவிக்குள் கொண்டுவந்தன. இரண்டும் உரிமக் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்த வேண்டியவை. தமிழ்நாட்டின் மாவட்டக் கல்லூரி ஒன்றுக்கு அந்தக் கட்டணம் எட்டாக்கனி.

தமிழில் இணையவழிப் பாடத்தின் கதை தொடங்கியது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில். அங்கே அறிவிக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கியது, வா.செ. குழந்தைசாமி அதன் முதல் தலைவர். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். மழலைக் கல்வி முதல் பட்டம் வரை பாடங்கள் இணையத்தில் வந்தன. முதல் நோக்கம் வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகள்தான்; ஆனால் பாடம் திறந்து கிடந்ததால் யாரும் படிக்கலாம். நல்ல தமிழில், அறிஞர்கள் எழுதிய பாடங்கள். அதன் மதிப்பு இன்றும் குறையவில்லை.

அந்தத் தலைமுறையை வாட்டிய சிக்கல் எழுத்துரு. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் தமிழில் பாடம் செய்பவர் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இடறி விழுந்த இடங்களில் பாதி இதுதான். ‘கொடி’ என்று எழுத வேண்டும். பழைய எட்டு-பிட் எழுத்துருக்களில் முதலில் கொம்பைத் தட்டி, பிறகு ககரத்தை, பிறகு காலைத் தட்டுவார்கள். திரையில் தெரிவது போலவே கோப்பிலும் கிடக்கும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். பாமினி என்ற எழுத்துருவில் தட்டியதைத் தாப் எழுத்துருவில் படிக்க முடியாது. யூனிகோடு முறையில் ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் வைப்பது மென்பொருளின் வேலை. விண்டோஸ் 2000 அதைச் செய்யக் கற்றிருந்தது. ஆனால் அன்று பாடம் செய்யப் பயன்பட்ட ஆத்தர்வேருக்கும் முந்தைய ஃப்ளாஷுக்கும் அந்த வித்தை தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். அதனால் பாடம் செய்தவர்கள் தமிழ் வரிகளையே படமாக்கி ஒட்டினார்கள். படமான எழுத்தைத் தேட முடியாது, திருத்த முடியாது, சிறு திரையில் பெரிதாக்கினால் மங்கும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றுக்கொள்ளும் வரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குக் கிடைத்த எழுத்துருவில்தான் உழைப்பைக் கொட்டியது.

இந்த ஆண்டுகளில் இரண்டு முக்கியமான வரவுகள். ஒன்று ஸ்கார்ம் என்ற தரம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் உருவாகி, அதன் 1.2 பதிப்பு 2001-இல் வெளியானது. பாடத்தின் பக்கங்களையும் படங்களையும் வினாக்களையும் ஒரு விவரப் பட்டியலோடு ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிவிட்டால், அதை ஏற்கும் எந்தத் தளத்திலும் இறக்கி ஓடவைக்கலாம் என்பதே அதன் சாரம். ஒரு கடையில் வாங்கிய சரக்கை வேறு கடையின் அலமாரியில் அடுக்க முடியும் என்ற உறுதி கிடைத்தது.

மற்றொன்று மூடுல். அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில், பள்ளிக்கூடமே இல்லாத ஒதுக்குப்புறத்தில் வளர்ந்தவர். சிற்றலை வானொலியில் ஆசிரியரின் குரலும் விமானத்தில் வரும் பாடக் கட்டும்தான் அவருடைய பள்ளி. பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடியை நிர்வகித்துச் சலித்த அவர் தானே ஒன்றை எழுதி, முதல் பதிப்பை 2002 ஆகஸ்டில் வெளியிட்டார். கட்டற்ற உரிமம், காசில்லை, மூல நிரல் கையில். பாடம், வினா, ஒப்படைப்பு, உரையாடல் அரங்கு எல்லாவற்றையும் ஆசிரியர் உலாவியிலிருந்தே அமைக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கைப் போன்ற இடங்களுக்கு ஏற்ற மென்பொருள் ஒன்று, வானொலியிலும் தபாலிலும் படித்த பிள்ளையின் கையிலிருந்து வந்தது தற்செயல் அல்ல. ஆனால் இலவசம் என்பது மென்பொருளுக்குத்தான். சர்வர் வாடகையும், புதுப்பிப்பும், பழுது பார்க்கத் தெரிந்த ஓர் ஆளும் தொடர்ந்து வேண்டும். அந்த ஆள் வேலை மாறிப் போனதும் மூடுல் தளம் தூங்கிப்போவது கல்லூரிகளில் அடிக்கடி நடப்பது.

பள்ளத்தாக்கின் சொந்தக் கதை ஆடு வளர்ப்பில் இருக்கிறது. காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் 1987-இல் வான்கூவரில் கூடி முடிவெடுத்து உருவாக்கிய அமைப்பு காமன்வெல்த் ஆஃப் லேர்னிங். தொலைநிலைக் கல்வியை வளர்ப்பது அதன் பணி. உழவர்களுக்கான வாழ்நாள் கல்வித் திட்டம் ஒன்றை 2004 வாக்கில் அது தமிழ்நாட்டில் தொடங்கியது. வேளாண் பல்கலைக்கழகமும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பாடப்பொருள் தந்தன. வங்கிகள் கடன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டன. ஊரில் வேலை செய்தது, தேனி மாவட்டத்தில் பெண்கள் சுயஉதவிக் குழுக்களைத் திரட்டிய விடியல் என்ற தொண்டு அமைப்பு.

முதலில் தேர்ந்த கருவி கணினி. ஊரில் ஒரு மையம், அதில் கணினி, அதில் படமும் ஒலியும் கலந்த தமிழ்ப் பாடங்கள். அந்தக் காலத்தில் இந்தியா முழுவதும் இதே நம்பிக்கைதான். கிராமத்துக்குக் கணினி வந்தால் அறிவு வந்துவிடும் என்று எண்ணினார்கள். மையத்துக்கு வந்த பெண்கள் கற்றார்கள். ஆனால் வெள்ளாடு மேய்ப்பவளின் பகல் மந்தையோடு போகிறது. பொழுது சாய்ந்தபின் அடுப்பும் பிள்ளைகளும். மையம் திறந்திருக்கும் நேரமும் அவள் ஓய்ந்திருக்கும் நேரமும் சந்திப்பது அரிது.

2008-இல் கருவி மாறியது. விடியல் குழுக்களைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் ஆடு வளர்ப்புத் தொழிலுக்குத் திட்டம் தீட்டி வங்கிக்குப் போனார்கள். கிடைத்த கடனில் ஒவ்வொருவருக்கும் ஒன்பது பெட்டை ஆடு, ஒரு கிடா, ஒரு கைப்பேசி. கைப்பேசியைக் கடன் கணக்கில் ஆடுகளோடு சேர்த்து எழுதியதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. தொழில் முதலின் ஒரு பகுதியாக, கொட்டகையைப் போல, தீவனத் தொட்டியைப் போல அது கணக்கில் ஏறியது. படிப்புக்கான சாதனத்தை யாரோ இனாமாகக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அந்தப் பெண்கள் தங்கள் பெயரில் கடன் எழுதி வாங்கினார்கள். தொலைநிலைக் கல்வியின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான தேர்வைக் காண்பது கடினம்.

ஏன் கைப்பேசி? 2003-இல் அழைப்பவரே கட்டணம் கட்டும் முறை நடைமுறைக்கு வந்ததும் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்றானது. எனவே பாடம் அழைப்பாக வந்தால் கேட்பவருக்குச் செலவு கிடையாது. பட்டன் போனை எடுத்துக் காதில் வைக்க எழுத்தறிவு வேண்டாம். ஆட்டின் பின்னால் நடந்தபடியே கேட்கலாம். 2008 வாக்கில் உரக் கூட்டுறவு அமைப்பான இஃப்கோவும் ஏர்டெல்லும் சேர்ந்து நடத்திய இஃப்கோ கிசான் சஞ்சார் நிறுவனம் உழவர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து வரை இலவசக் குரல் செய்திகளை அனுப்பிவந்தது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். விடியல் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. தனி மென்பொருள் கட்டவில்லை, சர்வர் வைக்கவில்லை. ஏற்கெனவே ஓடும் வாய்க்காலில் தன் தண்ணீரை விட்டது.

ஒரு நிமிடம் என்ற எல்லை பாடத்தின் உருவத்தையே மாற்றியது. நிதானமாகப் பேசினால் அதில் நூறு சொற்களுக்கு மேல் அடங்காது. பல்கலைக்கழகக் கையேட்டில் இரண்டு பக்கம் வரும் ஒரு செய்தியைத் துண்டு துண்டாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்கவும் வேண்டும், முந்தையதை நினைவூட்டவும் வேண்டும். கையேடு ‘குடற்புழு நீக்கம்’ என்று எழுதும். கொட்டடியில் அது ‘பூச்சி மருந்து குடுக்கறது’. துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி எந்த மாதம் போடுவது, ஒரே கிடாவை வருடக்கணக்கில் மந்தையில் விட்டால் பிறக்கும் குட்டிகள் ஏன் தேறாது, சினையாட்டுக்குக் கடைசி நாட்களில் என்ன தீவனம் என்பவை ஆடு வளர்ப்பவர் கேட்க விரும்பும் செய்திகள். இவற்றை ஊர்ப் பேச்சில் எழுதிப் பதிவு செய்யக் குழுப் பெண்களில் சிலருக்கே பயிற்சி கொடுத்தார்கள். பாடப்பொருள் கால்நடைப் பல்கலைக்கழகத்துடையது, பேச்சு பள்ளத்தாக்கினுடையது. கேட்ட செய்தியைக் குழுக் கூட்டத்தில் போட்டு அலசினார்கள். உரையாடல் அரங்கு என்று மென்பொருள்கள் தனிப் பகுதி வைத்துத் தருவது இங்கே திண்ணையிலேயே நடந்தது. 300 பேரோடு தொடங்கியது பின்னர் ஆயிரக்கணக்கான பெண்களைச் சென்றடைந்தது.

அதற்கும் குறைகள் இருந்தன. வானொலியைப் போலவே செய்தி அனுப்புபவரின் நேரத்துக்கு வந்தது. யார் கேட்டார், யாருக்குப் புரிந்தது என்ற கணக்கு கிடைக்கவில்லை. இதற்கு மாற்றாகக் காமன்வெல்த் ஆஃப் லேர்னிங், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து லைவ்ஸ் என்ற குரல்வழிக் கல்வி முறையை உருவாக்கியது. வெப்சிடி பிறந்த அதே பல்கலைக்கழகம். பாடம் குரலாக வரும். வினாவுக்கு எண் பொத்தானை அழுத்தி விடை சொல்லலாம். விடைகள் கணினியில் பதிவாகும். மூடுல் உலாவியில் செய்வதை இது பட்டன் போனில் செய்தது. தேனி ஆடு வளர்ப்பாளர்களின் அனுபவம் ஆப்பிரிக்க நாடுகளில் உழவர் கல்விக்கும் எடுத்துக்காட்டானது.

கல்லூரிகளின் பக்கம் காற்று வேறு திசையில் வீசியது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. பொறியியல் பாடங்கள் காணொளியாக இலவசமாகக் கிடைத்தன. 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி தரத் தொடங்கியது. 2012-இல் போடியில் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. 2014-இல் என்.பி.டி.இ.எல். சான்றிதழ்ப் பாடங்களை நடத்த முன்வந்தபோது, கூகுள் 2012-இல் வெளியிட்ட கோர்ஸ் பில்டர் என்ற திறந்த மூல மென்பொருளை எடுத்துக்கொண்டது. 2017 ஜூலை 9 அன்று மத்திய அரசின் ஸ்வயம் தளம் தொடங்கியது. காணொளி, படிப்புப் பொருள், தன்மதிப்பீடு, உரையாடல் என்ற நான்கு பகுதிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டாயம். முதலில் மைக்ரோசாஃப்ட் உதவியோடு கட்டிய அந்தத் தளம், பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யின் என்.பி.டி.இ.எல். குழு கூகுள், பெர்சிஸ்டென்ட் நிறுவனங்களின் துணையோடு அமைத்த தளத்துக்கு மாறியது. நாட்டின் பெரிய கல்வித் தளமே சில ஆண்டுகளில் வீடு மாற வேண்டியிருந்தது என்பதைக் கருவி தேர்பவர்கள் கவனிக்க வேண்டும். காணொளிகளைப் பெயர்த்து வைப்பது எளிது. வினாத்தாள்களும் மாணவர் உரையாடல்களும்தான் அவ்வளவு எளிதில் கூடவே வருவதில்லை.

பள்ளிக் கல்வியில் தமிழ்நாடு வேறு வழியை எடுத்தது. 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்‌ஷா தளம், எக்ஸ்டெப் அறக்கட்டளையின் சன்பேர்ட் என்ற திறந்த மூலக் கட்டமைப்பின் மேல் நிற்பது. 2018-இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்க ஓரத்தில் கியூஆர் குறியீடு இருந்தது. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் அந்தத் தளத்தில் அந்தப் பாடத்தின் காணொளியோ பயிற்சியோ திறக்கும். இணையம் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு இல்லாத இடத்தில் பார்க்கலாம். மேகமலைத் தேயிலைத் தோட்டங்களையும் அகமலைப் பகுதியையும் நினைத்தால் இந்த வசதியின் அருமை விளங்கும். அச்சுப் புத்தகத்தைக் கைவிடாமல் அதையே வாசலாக்கியது நல்ல யோசனை. தபாலில் வந்த காகிதத்தின் பொறுமையும் கணினியின் வேகமும் அதில் சேர்ந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது.

கம்பத்திலிருந்து மலையேறினால் ஒரு மணி நேரத்துக்குள் குமுளி. அந்தப் பக்கம் கேரளம் 2001-இலேயே ஐ.டி.@ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, ஆசிரியர்களுக்கே அதில் பாடம் செய்யக் கற்றுக்கொடுத்திருந்தது. 2005-இல் விக்டர்ஸ் என்ற கல்வி அலைவரிசை வந்தது. அதனால்தான் 2020 ஜூன் முதல் நாள், ஊரடங்கு காலத்தில் பள்ளி திறக்க முடியாதபோது, ஃபர்ஸ்ட் பெல் என்ற பெயரில் வகுப்புகளைக் காலம் தாழ்த்தாமல் தொடங்க முடிந்தது. இடுக்கித் தோட்டங்களில் வாழும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் வகுப்புகள் தயாராயின.

பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் ஊரடங்கு நாட்களில் ஆசிரியர்கள் கையில் கிடைத்ததை எடுத்தார்கள்: கூகுள் மீட், ஜூம், கூகுள் கிளாஸ்ரூம், எல்லாவற்றுக்கும் மேலாக வாட்ஸ்அப். 2016-இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்திருந்தது உண்மை. ஆனால் வீட்டில் ஒரே போன். அது அப்பாவோடு தோட்டத்துக்குப் போய்விடும். நேரலை வகுப்பு அந்தப் பிள்ளைக்கு இல்லை. அதனால் பல ஆசிரியர்கள் பாடத்தைக் குரல் பதிவாகவும் கரும்பலகைப் படமாகவும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ராத்திரி போன் வீடு திரும்பியதும் பிள்ளைகள் கேட்டார்கள். ஆடு வளர்த்த பெண்கள் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கண்ட வழிதான் அது. அந்த அனுபவம் பள்ளிகளையும் கல்லூரிகளையும் முன்பே எட்டியிருந்தால் 2020-இல் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்திருக்காது.

அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ஃப்ளாஷை நிறுத்தியது. உலகெங்கும் இருபது ஆண்டுகளாக ஆசிரியர்கள் அதில் செய்த பாடங்கள், அசையும் படங்கள், விளையாட்டு வினாக்கள் உலாவிகளில் திறக்காமல் போயின. ஆத்தர்வேர் அதற்கு முன்பே, 2007-இல் நின்றுபோயிருந்தது. இப்போது அவற்றின் இடத்தில் ஸ்டோரிலைன், கேப்டிவேட் போன்றவை இருக்கின்றன. நேர்த்தியான பாடம் வரும். ஆனால் உரிமத்துக்கோ ஆண்டுச் சந்தாவுக்கோ பணம் கட்ட வேண்டும். மூலக் கோப்பை அந்தந்த மென்பொருளில் மட்டுமே திருத்த முடியும். நார்வேயில் 2013-இல் தொடங்கிய எச்5பி கட்டற்றது. ஊடாடும் காணொளியும் வினாவும் அதில் செய்து மூடுலில் ஏற்றலாம், தனிக் கோப்பாக வெளியேயும் எடுக்கலாம். மூடுலிலிருந்து ஒரு முழுப் பாடத்தையும் ஒரே காப்புக் கோப்பாக இறக்கி வேறொரு மூடுலில் நிறுவ முடியும். தமிழ் இடைமுகமும் இருக்கிறது.

தேர்வுக்கு இன்று இன்னொரு காரணமும் கூடியிருக்கிறது. ஸ்வயம் வழியாகப் பெறும் மதிப்பெண் புள்ளிகளைப் பட்டத்தோடு சேர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் 20 விழுக்காடு வரை அனுமதித்தது. 2021-இல் அதை 40 விழுக்காடாக்கியது. மாநில அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 முதல் கல்லூரி மாணவர்களை இணையவழித் திறன் பாடங்களுக்குக் கொண்டுசெல்கிறது. பள்ளத்தாக்கின் கல்லூரி ஆசிரியர் இனி பிறர் செய்த பாடத்துக்கு வழிகாட்டுபவராக மட்டும் இருந்துவிடலாம் என்ற நிலை உருவாகிறது. அது போதாது. ஏலக்காய்ச் செடியின் அழுகல் நோயையோ, கம்பம் பன்னீர் திராட்சையின் கவாத்தையோ, முல்லைப் பெரியாற்று முறைப் பாசனத்தையோ பெரிய தளங்கள் எதுவும் இந்த ஊர்ப் பேச்சில் சொல்லித்தரப் போவதில்லை. அவற்றைச் செய்ய வேண்டியவர்கள் இங்கே இருப்பவர்கள்தான்.

அப்படிச் செய்ய முன்வருபவர்கள் மென்பொருளைத் தேடும் முன் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 1990-களிலும் 2000-களிலும் பாமினியிலும் தாப் எழுத்துருக்களிலும் தட்டிய பாடக் குறிப்புகள், ஃப்ளாஷில் செய்த பாடங்கள், சிடியில் எரித்து வைத்த ஒலிப்பதிவுகள் எல்லாம் கல்லூரிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பழைய கணினிகளிலும் கிடக்கின்றன. எட்டு-பிட் எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒலியை எம்பி3-ஆக எடுத்து வைத்தால் எந்தப் போனிலும் ஓடும். அந்தக் கணினிகளின் வட்டுகள் இன்னும் சுழலும் காலத்திலேயே அவற்றைத் திறந்து, மாற்றி, ஒரு பிரதிக்கு இரண்டு பிரதியாக எடுத்து வையுங்கள்.